குற்றம் சொல்ல ஒரு சபை வேண்டும்

கேரள எல்லையோரத்துக் குன்னத்துகாலிலிருந்து பாறசாலை வழியாகக் களியக்காவிளைச் சோதனைச் சாவடியைக் கடந்து, ரப்பர்த் தோட்டங்களுக்கும் மரச்சீனி விளைகளுக்கும் இடையே போகும் சாலைகளில் தெற்கு நோக்கிச் சென்றால், விளவங்கோடு தாலுகாவில் அதங்கோடு என்ற சிற்றூர் வருகிறது. இன்று நமக்குக் கிடைக்கும் தமிழ் நூல்களுள் மிகப் பழமையானதாகப் போற்றப்படும் தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியனின் சபையில் அரங்கேறியபோது, அதைக் கேட்டு ஆராய்ந்து தீர்ப்புச் சொல்ல அமர்ந்திருந்த அதங்கோட்டாசான் இவ்வூர்க்காரர் என்பது இப்பகுதி மக்களின் நெடுநாளைய நம்பிக்கை. அறிஞர் சிலரும் அதை ஆதரித்து எழுதியிருக்கிறார்கள். ஊர்ப் பெருமைக்காக இதை நான் சொல்லவில்லை. அந்நூலுக்குச் சிறப்புப் பாயிரம் எழுதிய பனம்பாரனார், நூலை இயற்றியவன் பெயரையும் ஆதரித்த அரசன் பெயரையும் சொன்னதோடு நில்லாமல், நூலைச் சோதித்தவனின் பெயரையும் அவற்றோடு சரிசமமாக நிறுத்தி வைத்தார் என்பதே என் கவனத்தைக் கவர்கிறது. மனைவி மக்களுக்கும், அட்டைப்படம் வரைந்தவருக்கும், அச்சகத்தாருக்கும் நன்றி கூறும் நம் காலத்து முன்னுரைகளில், இந்த இடம் சரியில்லை என்று சொல்லி நூலாசிரியனைத் திருத்தி எழுத வைத்த மனிதனின் பெயரை எத்தனை முறை கண்டிருக்கிறோம்?

அந்தச் சோதனை நடந்த விதத்தைப் பற்றி, 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் ஒரு கதை சொல்கிறார். அகத்தியரின் மனைவி உலோபாமுத்திரையை அழைத்துவரச் சென்ற அவருடைய மாணாக்கர் தொல்காப்பியர், வையை வெள்ளம் அவளை இழுத்துக்கொண்டு போனபோது மூங்கிற்கோலை முறித்து நீட்டிக் கரையேற்றினார். நான்கு கோல் தூரம் விலகியே வரவேண்டும் என்ற தம் கட்டளை மீறப்பட்டதாக முனிவர் சினந்து சபித்தார். அந்தச் சினம் ஆறாமல், தம்முடைய மற்றொரு மாணாக்கராகிய அதங்கோட்டாசானை அழைத்து, தொல்காப்பியன் செய்த நூலைக் கேட்கலாகாது என்றும் தடுத்தார். குருவின் ஆணை ஒரு பக்கம், உடன் பயின்றவனின் இடைவிடாத வேண்டுகோள் மறுபக்கம் என்று இருதலைக்கொள்ளி எறும்பாகத் தவித்த ஆசான், கடைசியில் ஒரு சமரசம் கண்டார்: நூலைக் கேட்டுவிடுவது, ஆனால் கேட்டவற்றுக்கெல்லாம் குற்றம் கூறிவிடுவது. அப்படியே அவர் குற்றம் கூறக் கூற, தொல்காப்பியர் ஒவ்வொன்றுக்கும் விடை கூறிக்கொண்டே வந்து, நூலைக் குற்றமற்றதாக நிலைநாட்டினார் என்பது கதை.

இதைச் சரித்திரம் என்று நம்ப வேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை. ஆனால் விமர்சனத்தின் இயல்பைப் பற்றி இதைவிட நுட்பமான கதையொன்றை நான் படித்ததில்லை. இங்கே விமர்சகன் நல்லெண்ணத்தோடு வரவில்லை. குற்றம் கண்டே தீர்வது என்ற முன்தீர்மானத்தோடு, அதுவும் தன்னுடையதல்லாத, குருவிடமிருந்து இரவல் வாங்கிய விரோதத்தோடு வருகிறான். அப்படியிருந்தும் காரியம் கெடவில்லை. ஏனென்றால், நூல் முழுவதையும் அவன் கேட்டாக வேண்டியிருந்தது. கண்ட குற்றத்தை இன்ன இடத்தில் இன்ன குற்றம் என்று பலர் முன்னிலையில் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டியிருந்தது. சொன்னபின் ஆசிரியனின் சமாதானத்தையும் இருந்து கேட்டாக வேண்டியிருந்தது. இந்த மூன்று நிபந்தனைகளும் சேர்ந்து துவேஷத்தின் பல்லைப் பிடுங்கிவிட்டன. விமர்சகனுக்குப் பரிவு வேண்டும், பண்பு வேண்டும், எழுதுபவனுக்குப் பொறுமை வேண்டும் என்றெல்லாம் நாம் ஓயாமல் உபதேசித்துக்கொண்டிருக்கிறோம். மனித சுபாவத்தை உபதேசத்தால் மாற்றிவிடலாம் என்ற நம்பிக்கை எனக்கு வரவரக் குறைந்துகொண்டே போகிறது. சபையின் முறை செம்மையாக இருக்குமானால், நல்லெண்ணம் அரைகுறையாக உள்ளவர்களைக்கொண்டும் நல்ல விமர்சனத்தைப் பெற்றுவிடலாம் என்பதே என் கட்சி.

அரங்கேற்றம் என்ற அந்தப் பழைய ஏற்பாட்டின் மற்றொரு சிறப்பு, அது நடந்த காலம். ஏடு பிரதி செய்யப்பட்டு ஊர் ஊராகப் பரவுவதற்கு முன்னரே ஆக்ஷேபணைகள் எழுப்பப்பட்டன. திருத்த வேண்டியதைத் திருத்துவதற்கு ஆசிரியனுக்கு அவகாசம் இருந்தது. இன்றோ, நூல் அச்சாகி, அட்டை ஒட்டி, ஐந்நூறு பிரதிகள் கட்டுக்கட்டாக வீட்டு மச்சில் ஏறிய பிறகுதான் நமக்குச் சபை கூடுகிறது. அந்தச் சபைக்கு நூல் வெளியீட்டு விழா என்று பெயர். மேடையில் ஏழெட்டுப் பேர். அவர்களுள் நூலைக் கடைசிவரை படித்தவர் ஒருவர் இருந்தால் ஆசிரியனின் பூர்வபுண்ணியம். பொன்னாடை போர்த்திய கையோடு பேசத் தொடங்கும் பெரியவர், ஆசிரியனின் தந்தையாரைத் தமக்குத் தெரியும் என்பதில் பத்து நிமிஷமும், இந்நூலை விமர்சிக்கத் தமக்குத் தகுதியில்லை என்பதில் பத்து நிமிஷமும் செலவிட்டு அமர்கிறார். அந்தக் கடைசி வாக்கியம் பெரும்பாலும் உண்மையாகவே இருந்துவிடுவதுதான் வேடிக்கை. இந்த உபசாரத்தில் துவேஷம் சிறிதும் இல்லை, நல்லெண்ணம் நிரம்பி வழிகிறது. எழுதியவனுக்கு மட்டும் அதனால் எள்ளளவும் பிரயோஜனம் இல்லை.

முன்னோர் எல்லாரும் உத்தமமான சபையே நடத்தினார்கள் என்று சொல்ல வரவில்லை. தப்பாகக் கவி பாடியவர்களின் தலையில் பிள்ளைப்பாண்டியன் குட்டினான், வில்லிபுத்தூரார் காதை அறுத்தார், ஒட்டக்கூத்தர் தலையையே வெட்டினார் என்ற செவிவழிக் கதைகளும் நம்மிடையே உண்டு. நல்லவேளையாக அவை கதைகளே. ஆயினும், குற்றம் சொல்வதில் ஒருவகைக் கொலைவெறியின் ருசி இருப்பதை நம் ஜனங்கள் நெடுநாள் முன்பே கண்டுகொண்டிருந்தார்கள் என்பதற்கு அவை சாட்சி.

இதற்கு நேர் எதிர்க்கோடியில் நிற்பது இறையனார் அகப்பொருள் உரையில் வரும் ஊமைப்பிள்ளையின் விருத்தாந்தம். அந்நூலின் 60 சூத்திரங்களுக்குச் சங்கப் புலவர் 49 பேரும் ஆளுக்கோர் உரை கண்டு, தத்தம் உரையே சிறந்ததென்று வாதாடி, முடிவுக்கு வர இயலாமல், தீர்ப்புச் சொல்ல ஒரு காரணிகனைத் தேடி அலைந்தபோது, உப்பூரிகுடிகிழார் மகன் உருத்திரசன்மன் என்ற ஐந்து வயதுச் சிறுவன் அவர்களுக்குக் கிடைத்தான். அவனுக்குப் பேச்சு வராது. ஒவ்வொருவராக உரை படித்தார்கள். பிள்ளை அசையாமல் இருந்தான். மதுரை மருதன் இளநாகனார் படித்தபோது சிற்சில இடங்களில் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தான். நக்கீரர் படித்தபோதோ சொல்தோறும் அவ்வாறு ஆனான். அதுவே தீர்ப்பாயிற்று. காரணம் சொல்லத் தெரியாத ஒரு குழந்தையிடம் 49 புலவர்களும் தலைவணங்கினார்கள் என்று எழுதி வைத்தவர், இலக்கணம் கற்றவர்களை நன்றாகவே கேலி செய்திருக்கிறார் என்று எனக்குப் படுவதுண்டு. ஆனால் கேலிக்குள்ளே ஒரு சத்தியமும் இருக்கிறது. நூலைக் கேட்கும்போது தன்னுள்ளே என்ன நிகழ்ந்தது என்பதை மறைக்காமல் காட்டுபவனே முதல்தரமான சாட்சி. ஏன் அப்படி நிகழ்ந்தது என்ற ஆராய்ச்சி அதற்குப் பிறகு வருவது. நம் மேடைகளிலோ ஆராய்ச்சி முன்னால் வந்து அமர்ந்துகொள்கிறது, சாட்சியைக் கூப்பிடுவாரில்லை.

சாட்சிக்குப் பிறகு ஆராய்ச்சியும் வேண்டியதே. தொல்காப்பியமே மரபியலில் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை எடுத்துரைக்கிறது. பிற்காலத்து நன்னூலும் பாயிரத்தில் அப்படியொரு பட்டியல் தருகிறது. கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல் என்ற அப்பெயர்களைப் பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்டு மறந்துவிட்டோமே தவிர, ஒரு சிறுகதையின் கைப்பிரதியை மடியில் வைத்துக்கொண்டு அவற்றை ஒருமுறை நினைத்துப் பார்ப்போமானால், அவை எவ்வளவு கூர்மையான ஆயுதங்கள் என்பது விளங்கும். தொடங்கியபோது இருந்த வேகம் போகப்போகத் தேய்ந்து ஒன்றுமில்லாமல் முடிவதற்குச் சென்று தேய்ந்து இறுதல் என்று நன்னூலில் பெயர்; இப்போது வெளிவரும் நாவல்களில் பாதியைப் பற்றி இதற்குமேல் ஒரு மதிப்புரை எழுதத் தேவையில்லை. இப்பட்டியல்களில் ஒன்றுகூட ஆசிரியனின் யோக்கியதையைப் பற்றிப் பேசவில்லை. குற்றம் நூலின்மேல் நிற்கிறது. எழுதியவனின் சாதி, கட்சி, படிப்பு, ஊர் எதையும் அது தொடுவதில்லை.

இந்தக் குற்றங்களைக் காட்டுவதற்குப் பாண்டித்தியம் இருந்தே தீரவேண்டும் என்பதுமில்லை. எல்லைப்புறத்துச் சிற்றூர் ஒன்றின் வாசகசாலையில், பள்ளி ஆசிரியராகிய ஓர் இளைஞர் தாம் எழுதிய கதையைப் படிக்கக் கேட்டேன். ரப்பர் வெட்டும் தொழிலாளி ஒருவன் காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுச் சாவகாசமாகக் கத்தியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போவதாகக் கதை தொடங்கியது. படித்தவர்கள் நாலைந்து பேர் நடையைப் பற்றியும் படிமத்தைப் பற்றியும் பேசினார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு முதியவர், தாமே பல வருஷம் பால் வெட்டியவர், தயங்கித் தயங்கி எழுந்து, "சாரே, கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா வெயிலு ஏறின பொறவு எவனும் மரத்துல கத்தி வைக்கமாட்டான். விடியதுக்கு முன்ன வெட்டணும், அப்பந்தான் பாலு ஓடும். பிள்ளைய பள்ளிக்குப் போற நேரத்துல அவன் சிரட்டையில பாலு எடுத்துட்டு இருப்பான்" என்றார். அந்தத் தகப்பன் தன் பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படுவதை ஒருநாளும் பார்த்திருக்க முடியாது என்பது அப்போதுதான் கதாசிரியருக்கு உறைத்தது. அவர் எழுத நினைத்ததும் தகப்பனுக்கும் மக்களுக்கும் இடையே விழுந்துவிட்ட தூரத்தைப் பற்றித்தான். அந்தத் தூரத்தைத் தாமாக ஜோடித்த சண்டையொன்றால் காட்ட முயன்று தோற்றிருந்தார். தேவையான காரணம் தொழிலின் கடிகாரத்திலேயே இருந்திருக்கிறது. அந்த முதியவர் சொன்னது தகவற்பிழை ஒன்றை. திருந்தியது கதையின் ஆதாரம். விமர்சனம் என்பது பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது. சொல்பவன் ஓரிடத்தைத் தொடுகிறான், இளகுவது வேறோரிடம்.

ஆக்ஷேபணையைப் பகிரங்கமாக எழுப்பி, பகிரங்கமாகவே விடை சொன்னதற்குப் பழைய திருவிதாங்கூரில் அரசகுலத்து உதாரணமே ஒன்று உண்டு. மலையாளச் செய்யுளில் ஒவ்வோரடியிலும் இரண்டாம் எழுத்து ஒன்றி வரவேண்டுமென்ற, நம் எதுகையை ஒத்த, த்விதீயாக்ஷரப் பிராசத்தைக் கட்டாயமாகக் கொள்ளலாமா என்ற வாதம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் பெரிதாக எழுந்தது. வேண்டும் என்ற அணிக்குத் தலைவர் கேரளவர்ம வலியகோயித்தம்புரான். வேண்டியதில்லை என்றவர் அவருக்கு மருமகன் முறையினரும் மாணவருமான ஏ. ஆர். ராஜராஜவர்மா. குருவும் சிஷ்யனும், மாமனும் மருமகனும் பகிரங்கமாக மாறுபட்டார்கள். ஆனால் அந்த விவாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி கட்டுரைகளில் இல்லை, காவியங்களில் இருக்கிறது. கே. சி. கேசவபிள்ளை அந்தப் பிராசத்தை விட்டுவிட்டுக் கேசவீயம் என்ற மகாகாவியத்தை இயற்றினார். உள்ளூர் பரமேசுவரையர் அதைக் கைக்கொண்டு உமாகேரளத்தை இயற்றினார். இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வெளிவந்தன. ஆக்ஷேபணைக்கு விடை சொல்ல இதைவிட உயர்ந்த வழி இருக்க முடியுமா? தொல்காப்பியர் வாயால் சொன்ன சமாதானத்தை இவர்கள் சிருஷ்டியால் சொன்னார்கள். அதே ராஜராஜவர்மா 1911இல் குமாரன் ஆசானின் நளினிக்கு முன்னுரை எழுதி, அந்தப் புதுவகைக் காவியத்தைப் படிப்பவர்க்கு வழிகாட்டினார் என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். பழையதைக் கண்டித்த வாய்க்குப் புதியதை வரவேற்கவும் தெரிந்திருந்தது.

விமர்சனத்தைப் பெற்றுக்கொள்ளும் கலைக்கு உ. வே. சாமிநாதையர் ஒரு பாடம். 1887இல் அவர் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்து வெளியிட்ட பிறகு, பிழைகள் மலிந்தது என்று பழித்துக் கண்டனப் பிரசுரங்கள் கிளம்பின. அவற்றுள் அசூயை இருந்தது, வசை இருந்தது. சபை மட்டும் இல்லை. எங்கே நின்று விடை சொல்வது என்று தெரியாமல் அவர் மனம் புண்பட்டார். மறுப்பு எழுதவும் முனைந்தார். மறுப்பு எழுதுவதில் காலத்தை வீணாக்கலாகாது என்று சாது சேஷையர் தடுத்ததை அவரே தம் சரித்திரத்தில் நன்றியோடு பதிவு செய்திருக்கிறார். அவருடைய உண்மையான பதில் 1907இல் வந்த சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பில் இருக்கிறது; இடைப்பட்ட இருபது வருஷங்களில் பார்த்த புதிய ஏடுகளும், தெளிந்த ஐயங்களும், செய்த திருத்தங்களும் அதற்குள் சேர்ந்தன. ஆனால் எல்லாருக்கும் சேஷையர் கிடைப்பதில்லை, எல்லாரும் ஐயரவர்களும் அல்லர். சபையில்லாத விமர்சனம் எத்தனையோ இளங்கவிகளின் பேனாவை மூடவைத்திருக்கிறது என்பதை மறப்பதற்கில்லை.

இந்தக் குறையை உணர்ந்து சிறு அளவில் ஒரு சபையை உண்டாக்கியவர் நாகர்கோவில் சுந்தர ராமசாமி. காகங்கள் என்ற பெயரில் அவர் நண்பர்களைக் கூட்டி நடத்திய சந்திப்புகளில் படைப்புகள் படிக்கப்பட்டன, விவாதிக்கப்பட்டன. தென்திருவிதாங்கூரின் இருமொழிச் சூழலில் வளர்ந்து, தகழியின் நாவல்களை மலையாளத்திலிருந்து தமிழாக்கி, 1966இல் ஒரு புளியமரத்தின் கதையையும் 1981இல் ஜே.ஜே: சில குறிப்புகளையும் தந்த அவருக்கு, எழுத்தைத் தனிமையில் செய்ய வேண்டும், ஆனால் தனிமையிலேயே வைத்து முடித்துவிடக் கூடாது என்ற ஞானம் இருந்தது. இதற்கு மாறாக, திருவனந்தபுரத்தில் எம். கிருஷ்ணன் நாயர் 1969 முதல் 2006இல் இறக்கும்வரை வாராவாரம் எழுதிவந்த சாகித்யவாரபலம் என்ற மலையாளப் பத்தி ஒரே மனிதனின் நீதிமன்றம். உலக இலக்கியம் முழுவதையும் கரைத்துக் குடித்த அந்த மேதையின் கேலியைப் படிப்பது ஓர் இன்பம் என்பதை நான் மறுக்கமாட்டேன். மலையாளிகளின் வாசிப்பை அவர் விசாலப்படுத்தினார் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பத்தியில் அடிபட்ட கவிஞனுக்கு அங்கே நின்று பதில் சொல்ல ஓர் அங்குலம் இடம் கிடையாது. ரசித்தவர்கள் வாசகர்கள். திருந்தியவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.

ஆகவே என் யோசனை இது. 1956 நவம்பர் முதல் தேதி மொழிவழி மாநிலப் பிரிவினையில் விளவங்கோடு சென்னை ராஜ்யத்தோடு போய், நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றபோது, கோடு நிலத்தில் விழுந்ததே தவிர நாக்கில் விழவில்லை. குன்னத்துகாலிலும் பாறசாலையிலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் கிரந்தசாலை இயக்கம் விட்டுச்சென்ற வாசகசாலைகள் இன்னும் இருக்கின்றன. தமிழில் எழுதுபவர்களும் மலையாளத்தில் எழுதுபவர்களும் ஒரே தேநீர்க் கடையில் உட்காருகிறார்கள். மாதம் ஒருமுறை அச்சேறாத ஒரே ஒரு கைப்பிரதியை அங்கே அரங்கேற்றலாம். முந்தைய வாரமே பிரதி வாசகசாலையில் இருக்க வேண்டும்; படிக்காமல் வருகிறவர் கேட்கலாம், பேசக் கூடாது. ஆசிரியன் படித்து முடித்ததும், முதல் அரைமணி நேரம் எவரும் அபிப்பிராயம் சொல்லாமல், எந்த இடத்தில் மனம் ஒன்றியது, எந்த இடத்தில் நழுவியது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். அதன்பிறகு குற்றங்கள், பக்கமும் வரியும் காட்டி. ஆசிரியன் கடைசியில்தான் பேசலாம். நடுவே குறுக்கிட்டுத் தன் கதைக்குத் தானே வக்கீலாக நிற்பவனுக்குக் காதில் எதுவும் விழுவதில்லை. சொல்லப்பட்டவற்றையெல்லாம் அவன் ஏற்க வேண்டுமென்ற நிர்ப்பந்தம் கூடாது. பத்துப் பேர் பத்து விதமாகத் திருத்தினால் கதை ஒருவருக்கும் சொந்தமில்லாததாகிவிடும். பலர் வெவ்வேறு காரணம் சொல்லி ஒரே இடத்தில் இடறினார்களா என்று பார்த்து, காரணங்களை ஒதுக்கி இடத்தை மட்டும் குறித்துக்கொள்வது அனுபவசாலிகளின் தந்திரம்.

மொழி ஒரு தடையாகுமே என்று கேட்பவர்கள் உண்டு. தமிழெழுத்து அறியாத இப்பகுதி மலையாளிக்கும், பிறர் படிக்கக் கேட்டால் தமிழ் புரிகிறது. அவன் வாக்கியத்தைக் கண்ணால் பார்க்காமல் காதாலேயே வாங்குவதால், ஓசை தட்டும் இடத்தை நம்மைவிட முன்னதாகக் கண்டுபிடிக்கக்கூடும். தமிழருக்கு மலையாளப் பிரதியிலும் அப்படியே. எழுப்பிய ஆக்ஷேபணைகளையும் ஆசிரியனின் விடைகளையும் ஒருவர் குறிப்பேட்டில் எழுதி, அந்தக் குறிப்பேடு வாசகசாலையிலேயே இருக்கட்டும். நூல் பின்னால் அச்சாகும்போது முன்னுரையில், பொன்னாடை வாங்கிக் கொடுத்தவரின் பெயர் இருக்கிறதோ இல்லையோ, பின்வரிசையில் எழுந்து நின்ற அந்தப் பால்வெட்டுகாரரின் பெயர் இருக்கிறதா என்று சரிபார்ப்பதற்கு அது உதவும்.